ஆள் கடத்தும் குடும்பஸ்தன்

ஆள் கடத்துகிறவனுக்கும் பெண்டாட்டி, பிள்ளைகள், திருத்தி முடிக்காத பரீட்சைத் தாள்கள் எல்லாம் இருக்கும் என்பதை நம் சினிமா எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் பார்த்து வளர்ந்த கடத்தல்காரர்களுக்குக் குடும்பமே கிடையாது. நம்பியார் கையைப் பிசைந்தபடி நிற்பார். கதாநாயகி தூணில் கட்டப்பட்டிருப்பாள். அந்த நேரத்தில் அவருக்கு போன் போட்டு, “வரும்போது அரைக் கிலோ தக்காளி வாங்கிட்டு வந்துடுங்க” என்று சொல்ல ஒரு ஜீவன் கிடையாது. முழு நேர வில்லனாக அவர் இருக்க முடிந்ததன் ரகசியம் அதுதான். 1991 தீபாவளிக்கு வந்த ‘குணா’வில் கமல் கடத்தியதோ தெய்வீகக் காதலில். கடத்தியவளைக் கூட்டிக்கொண்டு நேராகக் கொடைக்கானல் குகைக்குப் போய்விட்டார். மாதக் கடைசியில் கொடைக்கானல் போக முடிகிறவனைக் குடும்பஸ்தன் கணக்கில் நான் சேர்ப்பதில்லை.

இந்த விஷயத்தில் என் கண்ணைத் திறந்துவிட்டது ஒரு டச்சுப் படம். பெயர் ‘ஸ்பூர்லோஸ்’. ஆங்கிலத்தில் ‘தி வானிஷிங்’ என்று தேடினால் கிடைக்கும். 1988இல் வந்தது. இயக்கியவர் ஜார்ஜ் ஸ்லூயிசர். டிம் கிராபே 1984இல் எழுதிய ‘தங்க முட்டை’ என்ற சிறு நாவல்தான் கதை. இந்தக் கிராபே சதுரங்கமும் ஆடுவார், சைக்கிள் பந்தயத்திலும் ஓடுவார், நாவலும் எழுதுவார். ஒரே ஆள் இவ்வளவும் செய்கிறார் என்று கேள்விப்பட்டாலே எனக்கு அசதி வந்துவிடும்.

முதல் தடவை இதைக் கல்யாணத்துக்கு முன்னால், நண்பன் ஒருவன் அறையில், தேய்ந்துபோன ஒரு சிடியில் பார்த்தேன். அப்போது படத்தின் நாயகன் ரெக்ஸ்தான் நான். காணாமல் போன காதலியைத் தேடி அலைகிற ஆண்மகன். காதலி இல்லாததால் தேட முடியாமல் இருந்தேனே தவிர, அலைவதற்குத் தயாராகத்தான் இருந்தேன். சமீபத்தில் மறுபடி பார்க்கத் தோன்றியது. தனியாகப் பார்ப்பதாகத்தான் திட்டம். ஆனால் கல்யாணமானவன் இரவில் தனியாக ஒரு படத்தைப் போட்டால் வீட்டில் விசாரணை கமிஷன் உட்காராமல் இருக்காது.

“என்ன படம்ங்க?”

“டச்சுப் படம்.”

“எதைப் பத்தி?”

காதலி என்றால் விசாரணை நீளும். “பொண்டாட்டியைத் தொலைச்சவன் கதை.”

“தொலைச்சுட்டு என்ன பண்றான்?”

“வருஷக்கணக்கா தேடறான்.”

“தேடறானா!” என்றவள் பட்டாணியும் முறமுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ரெக்ஸும் சாஸ்கியாவும் ஹாலந்திலிருந்து காரில் பிரான்சுக்கு விடுமுறைக்குப் போகிறார்கள். போகிற வழியில் ஒரு நீளமான சுரங்கப்பாதை. நட்டநடுவில் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றுவிடுகிறது. பின்னால் லாரிகள் அலறிக்கொண்டு வருகின்றன. அவள், “என்னை விட்டுவிட்டுப் போகாதே” என்று கத்துகிறாள். அவன் கேனை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். இந்த இடத்தில் என் மனைவி ரிமோட்டை எடுத்து படத்தை நிறுத்தினாள். திரையில் இருட்டுச் சுரங்கம். அவள் ஒன்றும் பேசவில்லை. பட்டாணி உரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் எங்கள் வண்டி நின்ற கதையை இங்கே விவரிக்க இடமில்லை. அன்றைக்கு நானும் கேனோடுதான் போனேன் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்துப் படம் தானாக மறுபடி ஓட ஆரம்பித்தது. தானாக என்றால், அவளாக.

சாஸ்கியாவுக்கு அடிக்கடி வரும் கனவு ஒன்று உண்டு. தங்க முட்டை ஒன்றுக்குள் அடைபட்டு, வெளியே வர வழியில்லாமல், வான வெளியில் தனியாக மிதந்துகொண்டிருப்பாளாம். இந்த முறை கனவில் இன்னொரு முட்டையும் வந்திருக்கிறது. இதைக் கேட்டு நான் முதல் தடவை நடுங்கினேன். என் மனைவி, “ராத்திரி லேட்டா சாப்பிட்டிருப்பா” என்றாள்.

அடுத்து நெடுஞ்சாலை ஓரத்தில் பெட்ரோல் பங்கும் கடையும் சேர்ந்த ஓர் இடத்தில் நிறுத்துகிறார்கள். சண்டை தீர்ந்துவிட்டது. ஒரு மரத்தடியில் இரண்டு நாணயங்களைப் புதைத்து, இனி உன்னை விட்டுப் போகமாட்டேன் என்று சமாதானம் செய்துகொள்கிறார்கள். பட்டப்பகல். குழந்தைகள் ஓடுகின்றன, டூரிஸ்டுகள் ரொட்டி தின்கிறார்கள், ரேடியோவில் சைக்கிள் பந்தய வர்ணனை. சாஸ்கியா, குடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று கடைக்குள் போகிறாள். வரவில்லை. அவ்வளவுதான். இடி இல்லை, மின்னல் இல்லை, பின்னணியில் வயலின்கூட இல்லை. சாஸ்கியாவாக நடித்த யொஹானா டெர் ஸ்டீகேவுக்கு அதுதான் முதல் படம். படத்தில் கொஞ்ச நேரம்தான் வருகிறார். ஆனாலும் அந்த 1988இல் தொடங்கப்பட்ட ஐரோப்பியத் திரைப்பட விருதுகளில் சிறந்த துணை நடிகை அவர்தான். வந்து போன பிறகு மீதிப் படம் முழுவதும் இல்லாமலே நடித்ததற்கு அது தகும்.

இதற்கு மேல் மற்ற டைரக்டர்களாக இருந்தால், கடத்தியவன் யார் என்பதைக் கடைசிவரை மூடி வைத்திருப்பார்கள். ஸ்லூயிசர் ஆளைச் சீக்கிரமே கொண்டுவந்து காட்டிவிடுகிறார். பெயர் ரேமோன் லெமோர்ன். வேதியியல் ஆசிரியர். தாடி. அன்பான மனைவி, இரண்டு பெண்கள். கிராமப்புறத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கிச் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறார். நடித்தவர் பெர்னார்-பியேர் தொனாதியூ. யாரையோ கொல்லப் போகிறவர் மாதிரி ஒரு காட்சியிலும் இருக்கமாட்டார். பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் நம் பிள்ளையின் மார்க்கைப் பற்றிப் பணிவாகக் கவலைப்படுகிற சாரைப் போலவே இருப்பார்.

இந்த மனிதர் வந்ததிலிருந்துதான் என் நிம்மதி போயிற்று. இளம் வயதில் நான் பயந்தது அவருடைய தீமையைப் பார்த்து. இப்போது பயந்தது அவருடைய திறமையைப் பார்த்து. வேலைக்கும் போய்க்கொண்டு, இரண்டு பெண்களையும் வளர்த்துக்கொண்டு, வீட்டு மராமத்தையும் பார்த்துக்கொண்டு, நடுவில் ஒரு கடத்தலுக்கும் நேரம் ஒதுக்குகிறார். நான் குளியலறைக் குழாய்க்கு வாஷர் வாங்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அந்தச் சீட்டைப் பத்திரமாக எங்கேயோ வைத்திருக்கிறேன்.

அவர் செய்கிற ஒத்திகையைப் பாருங்கள். முதலில் மயக்க மருந்து. எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்று தெரிய வேண்டுமே? தன் மேலேயே சோதித்துப் பார்க்கிறார். கடிகாரத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு, குளோரோஃபார்மை முகர்ந்து, சாய்ந்து, எழுந்து, எத்தனை நிமிஷம் என்று குறித்துக்கொள்கிறார். அடுத்தது தூரம். அத்தனை நிமிஷத்தில் கார் எத்தனை கிலோமீட்டர் போகும் என்று ஓட்டிப் பார்க்கிறார். அடுத்தது, பக்கத்தில் உட்காருகிறவளுக்குத் தெரியாமல் காரின் கதவைப் பூட்டுவது. கையை எப்படி நீட்டுவது, எந்தக் கையால் மூடுவது என்று கண்ணும் கருத்துமாகப் பயிற்சி. நாடித் துடிப்பைக்கூட எண்ணிப் பார்த்துக்கொள்கிறார், பதற்றம் குறைகிறதா என்று.

“பாருங்க, ஒரு வேலையை எடுத்தா எப்படிச் செய்யறார்” என்றாள் என் மனைவி.

“அவன் ஆள் கடத்தறான்டி.”

“அது வேற விஷயம். செய்யற முறையைச் சொல்றேன்.”

எனக்குப் பதில் வரவில்லை. காஸ் புக் செய்த தேதியைக் குறித்து வைப்பதற்காக நான் வாங்கிய நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும் இருக்கிறது.

எனக்குப் பிடித்த காட்சி, பிடித்த என்றால் வயிற்றைக் கலக்கிய காட்சி, அந்தக் கிராமத்து வீட்டில் வருகிறது. குடும்பத்தோடு வெளியே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டுக்கால் பூச்சி ஒன்றைப் பார்த்து வீறிடுகிறாள் ஒருத்தி. அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. இன்னும் பலமாகக் கத்து என்று உற்சாகப்படுத்துகிறார். எல்லோரும் சேர்ந்து கத்துகிறார்கள், யார் குரல் பெரிது என்று போட்டி. குடும்பமே சிரித்து மகிழ்கிறது. பிறகு மனிதர் நடந்து போய், தூரத்தில் இருக்கிற பக்கத்து வீட்டுக்காரரிடம், ஏதாவது சத்தம் கேட்டதா என்று சாவதானமாக விசாரிக்கிறார். கேட்கவில்லை. நல்லது. இங்கே என்ன அலறினாலும் யாருக்கும் கேட்காது. வீடு வேலைக்கு ஆகும்.

எங்கள் அடுக்ககத்தில் இந்தச் சோதனை முதல் சுற்றிலேயே தோற்றுவிடும். இங்கே ஒருத்தி வீறிட்டால் அரை நிமிஷத்தில் ஆள் வந்துவிடும், தண்ணீர் லாரி வந்துவிட்டதா என்று கேட்பதற்கு. நான் தும்மினால் மூன்றாம் மாடி மாமி நாலாம் மாடிக்கு, “அவருக்குச் சளி இன்னும் போகலை” என்று சொல்லிவிடுவார். சென்னையில் கடத்தல் தொழில் நசிந்தால் அதற்குக் காரணம் போலீஸாக இருக்காது.

இவ்வளவு திட்டத்துக்கும் பிறகு அவருக்கும் சறுக்குகிறது. அங்கேதான் நான் கொஞ்சம் மூச்சு விட்டேன். கையில் பொய்க் கட்டுப் போட்டுக்கொண்டு, காருக்குப் பின்னால் டிரெய்லரை மாட்ட உதவி கேட்பது அவருடைய உபாயம். பல பெண்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு தடவை தெரிந்த பெண்மணியிடமே போய் மாட்டிக்கொண்டு அசடு வழிகிறார். உச்சகட்டமாக, ஒரு பெண் உதவ ஒப்புக்கொண்டு கார்வரை வந்த பிறகு, தும்மல் வந்துவிடுகிறது. சட்டென்று கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொள்கிறார். அந்தக் கைக்குட்டையில்தான் மயக்க மருந்து. தள்ளாடிக்கொண்டே முகம் கழுவ ஓடுகிறார். இந்த உலகத்திலேயே தன் கைக்குட்டையால் தானே கவிழ்கிற ஒரே வில்லன். அன்றைக்குத் திட்டத்தை மூட்டை கட்டிவிட்ட நேரத்தில், சிரித்த முகமாக ஒரு பெண், காபி மெஷினில் போடச் சில்லறை இருக்கிறதா என்று அவரிடமே வந்து கேட்கிறாள். சாஸ்கியா. அவர் அவளைத் தேடிப் போகவில்லை. அவளாக வருகிறாள்.

முதல் தடவை பார்த்தபோது விதியின் கோரம் என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. குடும்பஸ்தனின் எந்தக் காரியம்தான் திட்டப்படி நடந்தது? திட்டம் போட்டதெல்லாம் தும்மலில் போகும். நடக்கிறது தானாக நடக்கும். வித்தியாசம் என்னவென்றால், எனக்குத் தானாக நடந்தது வீட்டுக்குள் ஒரு பூனைக்குட்டி வந்து தங்கியது. அவருக்கு நடந்தது இது.

அந்த மனிதரின் உள்நோக்கம் தெரிந்தால் இன்னும் கலங்குவீர்கள். பணமும் இல்லை, மோகமும் இல்லை. பதினாறு வயதில் பால்கனியில் நின்று, குதித்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறார். எல்லோரும் யோசிப்பதுதான். யோசித்துவிட்டு உள்ளே போய் மோர் குடிப்போம். இவர், குதிக்கமாட்டேன் என்பது ஏற்கெனவே எழுதிவைத்த விதியா என்ன என்று குதித்துவிட்டார். கை உடைந்தது. பல வருஷம் கழித்துத் தண்ணீரில் விழுந்த ஒரு சிறுமியைக் காப்பாற்றுகிறார். அவருடைய பெண்கள் அப்பாவை வீரனாகப் பார்க்கிறார்கள். உடனே மனிதருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. இந்தப் புகழுக்கு நான் தகுதிதானா? படுபயங்கரமான ஒரு தீமையைச் செய்ய என்னால் முடியுமா, முடியாதா என்று பார்த்தால்தானே என் நன்மைக்கு மதிப்பு?

மகள் புகழ்ந்ததற்கு இப்படி ஒரு பிராயச்சித்தம் தேடிய அப்பாவை நான் வேறெங்கும் கண்டதில்லை. என் மகள் கடைசியாக என்னைப் பெருமையாகப் பார்த்தது, மறந்துபோன வைஃபை பாஸ்வேர்டை நான் ஞாபகம் வைத்துச் சொன்னபோது. அந்தப் பெருமைக்குத் தகுதியானவன்தானா என்று ஒரு கணம்கூட நான் யோசிக்கவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன். தத்துவம் தெரியாமல் இருப்பதும் சமூகத்துக்கு ஒருவகைப் பாதுகாப்புதான்.

அவர் வீட்டிலும் சந்தேகம் எழாமல் இல்லை. அடிக்கடி காரை எடுத்துக்கொண்டு எங்கே போகிறார்? மனைவிக்கும் மகளுக்கும் தோன்றுவது ஒன்றுதான், அப்பாவுக்கு வேறொருத்தி இருக்கிறாளோ? “அதையாவது செஞ்சிருக்கலாம்” என்று பெருமூச்சு விட்டாள் என் மனைவி. அவள் வாயிலிருந்து இப்படி ஒரு தீர்ப்பு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என்னைப் பற்றி அவளுக்கு அந்தக் கவலை உண்டா என்று மெதுவாகக் கேட்டேன். “உங்களுக்குப் பெட்ரோல் போடவே ஞாபகம் இருக்காதே” என்றாள்.

படம் பார்த்த கொஞ்ச நாளில் திருச்சிக்குக் காரில் போனோம். நான்குவழிச் சாலையில், டீயைவிடக் கழிப்பறைக்காகவே எல்லோரும் நிறுத்துகிற ஒரு மோட்டலில் நிறுத்தினேன். மனைவி தன் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். எத்தனையோ ஊரில் எத்தனையோ தடவை பிடித்த கைப்பைதான். அன்றைக்குக் கனத்தது. சுற்றிலும் குழந்தைகள், சிப்ஸ் பாக்கெட், பஸ் ஹாரன், பட்டப்பகல். சாஸ்கியா போன இடத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டாம். மெதுவாக நகர்ந்து பெண்கள் பக்க வாசலுக்கே போய், கைப்பையை மார்போடு அணைத்து, வருகிற ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்தபடி நின்றேன்.

“சார், இங்க என்ன பண்றீங்க?” என்று கேட்டார் வாசலில் முக்காலி போட்டுக் காசு வாங்குகிற அம்மா.

“என் ஒய்ஃப் உள்ள போயிருக்காங்க.”

“எல்லாரோட ஒய்ஃபும்தான் உள்ள போயிருக்காங்க. அந்தப் பக்கம் போய் நில்லுங்க.”

நின்றவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாலு நாள் தாடி, கையில் பெண்பிள்ளைக் கைப்பை, நிலைகொள்ளாத கண். ரெக்ஸாகப் போனவன் அங்கே ரேமோனாக நின்றுகொண்டிருந்தேன். மனைவி வெளியே வந்ததும் அந்த அம்மா அவளிடம் தாழ்ந்த குரலில், “இவரைத் தெரியுமாம்மா உனக்கு?” என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குமுன் கொஞ்சம் யோசித்தாள் பாருங்கள், அதை இன்னும் நான் மறக்கவில்லை.

இந்தப் படத்தைப் பார்த்து மிரண்டவன் நான் மட்டும் இல்லை என்பது ஓர் ஆறுதல். ‘தி ஷைனிங்’ எடுத்து உலகத்தையே கதிகலங்கவைத்த ஸ்டான்லி குப்ரிக், தான் பார்த்ததிலேயே பயங்கரமான படம் இதுதான் என்று ஸ்லூயிசரிடம் சொன்னாராம். நெதர்லாந்து இதை ஆஸ்கருக்கு அனுப்பியபோது, படத்தில் பிரெஞ்சு வசனம் அதிகம் என்று அகாடமி திருப்பிவிட்டது. 1993இல் ஹாலிவுட்டே இதை மறுபடி எடுத்தது. ஜெஃப் பிரிட்ஜஸ், கீஃபர் சதர்லேண்ட், சாண்ட்ரா புல்லக் என்று பெரிய நடிகர்கள். வேடிக்கை, இயக்குநர் அதே ஸ்லூயிசர்தான். ஆனால் முடிவைத் தலைகீழாக மாற்றி, நல்லவன் பிழைத்து, கெட்டவன் ஒழிந்து, பார்க்கிறவர்கள் நிம்மதியாக வீடு போய்ச் சேரும்படி செய்துவிட்டார்கள். தான் கட்டிய வீட்டைத் தானே இடித்து, வாஸ்துப்படி கட்டித் தந்த கொத்தனார் ஸ்லூயிசர். என் மனைவிக்கு அந்தப் படம்தான் பிடித்திருக்கிறது.

இனி படத்தின் கடைசியில் வரும் காபிக்கு வருகிறேன். மூன்று வருஷமாக ரெக்ஸ் தேடுகிறான். ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டுகிறான். புதிதாக வந்த காதலியும் பொறுத்துப் பார்த்துவிட்டு விலகிப் போகிறாள். சாஸ்கியா உயிரோடு இருக்கவேண்டும் என்றுகூட அவன் இப்போது கேட்பதில்லை. என்ன நடந்தது என்று தெரிந்தால் போதும். ஒரு நாள் ரேமோனே அவன் முன்னால் வந்து நிற்கிறார். ரெக்ஸ் அடிக்கிறான், உதைக்கிறான். அவர் வாங்கிக்கொண்டு, போலீஸிடம் போனால் என்னைத் தண்டிக்கலாமோ என்னவோ, உனக்கு எதுவும் தெரியாது, என்னோடு வந்தால் தெரியும் என்கிறார். இருவரும் ஒரே காரில், சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி பேசிக்கொண்டு, இரவெல்லாம் பிரான்சுக்குப் போகிறார்கள். அதே பெட்ரோல் பங்க். ஃபிளாஸ்கிலிருந்து ஒரு கோப்பை காபியை ஊற்றி நீட்டுகிறார் ரேமோன். மயக்க மருந்து கலந்தது. அதை மறைக்கவும் இல்லை. அவளுக்கு நடந்தது அப்படியே உனக்கும் நடக்கும், வேறு வழியில் நீ தெரிந்துகொள்ள முடியாது. குடி.

“இவனுக்கென்ன பைத்தியமா, குடிக்கிறதுக்கு?” என்றாள் என் மனைவி. அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் டம்ளரோடு வந்து எதிரே நின்று, “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். முதல்ல காபியைக் குடிங்க” என்றாள்.

“என்ன விஷயம்?”

“குடிங்க, சொல்றேன்.”

ஆவி பறக்கிறது. டிகாக்ஷன் திக்காக இருக்கிறது. சாதாரணமாக என் காபி இவ்வளவு நன்றாக இருக்காது. விவரம் தெரிந்தவன் அந்த இடத்திலிருந்து எழுந்து ஓடியிருப்பான். குடிக்காமலே இருந்திருக்கலாம், என்ன என்று தெரியாமலே மீதி ஆயுளை ஓட்டியிருக்கலாம். முடியுமா? அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தேன்.

“ஃபிளாட் அசோசியேஷனுக்குப் புது செக்ரட்டரி வேணுமாம். உங்க பேரைக் குடுத்துட்டேன்.”

அன்றுமுதல் தண்ணீர் மோட்டாரும் லிஃப்ட்டும் பராமரிப்பு பாக்கியும் என் தலையில். மூன்றாம் மாடி மாமி என் தும்மலை இப்போது அதிகாரபூர்வமாக விசாரிக்கிறார். ரெக்ஸைக் குறை சொல்ல எனக்கு இனி வாய் கிடையாது.

சரி, குடித்தானா இல்லையா, சாஸ்கியாவுக்கு என்னதான் ஆயிற்று என்று கேட்கிறீர்கள். எழுத்தில் சொல்வதாக இல்லை. அவசியம் தெரிந்தாக வேண்டும் என்றால் ஒரு நாள் மாலை வீட்டுக்கு வாருங்கள். அசோசியேஷனில் பொருளாளர் பதவி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. காபி போடச் சொல்கிறேன்.